மகள் ராணுவப் புகைப்படக்காரர் ஆக விரும்புகிறாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அமெரிக்காவில், மேரிலாந்தில் இருக்கிறேன். மகள் இங்கேயே பிறந்தவள், வயது 19. பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுக்கப் போனதில் அவளுக்குக் கேமரா பித்து பிடித்தது. இப்போது கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறாள். போன மாதம் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, "ராணுவத்தில் போட்டோகிராபராகச் சேரப்போகிறேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்கள் இரண்டு குடும்பங்களிலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் யாருமில்லை.

போர்ப் புகைப்படங்கள் பற்றி நீங்கள் எழுதியதை விடாமல் படிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன். கேமராதானே பிடிக்கப்போகிறாள், ஆபத்தான இடத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்று நம்பலாமா? நாளைக்கு வெளியே வந்தால் இந்தத் தொழிலை வைத்துப் பிழைக்க முடியுமா? நான் அவளைத் தடுக்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி நம்பாதீர்கள்.

2013 ஜூலை 2 அன்று ஆப்கானிஸ்தானின் லாக்மான் மாகாணத்தில் ஹில்டா கிளேட்டன் என்ற 22 வயதுப் பெண் படமெடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்க ராணுவத்தின் புகைப்படக்காரர். எதிரே ஆப்கான் வீரர்கள் மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியைச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். சண்டைகூட இல்லை, வெறும் பயிற்சி. அந்த மோர்ட்டாரின் குழாய் வெடித்தது. அவரும் நான்கு ஆப்கான் வீரர்களும் இறந்துபோனார்கள். அந்த நால்வரில் ஒருவர் அவரிடம் புகைப்படக் கலை பழகிக்கொண்டிருந்தவர். வெடித்த அந்த நொடியில் இருவர் கேமராவிலும் படம் பதிவாகியிருந்தது. கிளேட்டனின் படத்தை 2017இல், குடும்பத்தின் சம்மதத்தோடு, ராணுவத்தின் சொந்த இதழான 'மிலிட்டரி ரிவ்யூ' வெளியிட்டது. நெருப்பு, பறக்கும் சிதறல்கள், அதற்குள் ஒரு மனித உருவம். கிளேட்டனின் படைப்பிரிவான 55வது சிக்னல் கம்பெனி அப்போது இருந்தது உங்கள் மாநிலத்திலேயே, ஃபோர்ட் மீட் ராணுவத் தளத்தில்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எல்லாப் புகைப்படக்காரர்களும் போர்முனைக்குப் போவதுமில்லை. ஆனால் ராணுவத்தில் புகைப்படக்காரர் என்றால் முதலில் சிப்பாய், அப்புறம்தான் கேமரா. மற்ற எல்லோரையும் போல அவளும் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி முடிக்க வேண்டும், துப்பாக்கி சுடப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் கேமராப் பள்ளி. முப்படைக்காரர்களும் படிக்கும் அந்த டிஃபென்ஸ் இன்ஃபர்மேஷன் ஸ்கூலும் ஃபோர்ட் மீடில்தான் இருக்கிறது.

அன்றாட வேலை எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா தெரியவில்லை. பெரும்பாலான நாட்களில் பதக்கம் கொடுக்கும் விழா, அதிகாரி மாறும் விழா, கைகுலுக்கல், கொடிக்கு முன்னால் நிற்க வைத்து எடுக்கும் அதிகாரப்பூர்வ முகப்படம். நடுநடுவே பயிற்சிக் களம், சில சமயம் விபத்து நடந்த இடம். கேமராவோடு வேலை முடிவதுமில்லை. கடற்படை 2006இலேயே புகைப்படக்காரர், செய்தியாளர், அச்சுக்காரர், ஓவியர் என்று தனித்தனியாக இருந்த பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டது. தரைப்படையிலும் போக்கு அதுதான். ஒரே ஆள் படமெடுக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், செய்தியும் எழுத வேண்டும்.

படக்குறிப்பு எழுதுவது தனி வேலை. படத்தில் இருப்பவரின் பதவி, பெயர், யூனிட், எந்த ஊர், என்ன தேதி, என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று அத்தனையும் பிழையில்லாமல் வேண்டும். படத்துக்கென்று ஓர் அடையாள எண் உண்டு. பின்னணியில் ஒரு வரைபடமோ கணினித் திரையோ தெரிந்தால் அந்தப் படம் வெளியே போகாது. இதையெல்லாம் அலுப்பு என்று நினைப்பவளாக இருந்தால் அவளுக்கு இந்த இடம் ஒத்துவராது. எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது இதுதான். ஐம்பது வருஷம் கழித்து, "அந்தப் படத்தில் இடது ஓரத்தில் நிற்பவர் என் தாத்தாவா?" என்று ஒரு பேத்தி தேடி வரும்போது பதில் சொல்லப்போவது அந்தக் குறிப்புதான்.

படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அரசு ஊழியர் பணியில் எடுக்கும் படத்துக்கு அந்த நாட்டுச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. உங்கள் மகள் உயிரைக் கொடுத்து எடுத்த படமாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அவளுக்கு ஒரு காசு வராது. பெயர் கிடைப்பதும் நிச்சயமில்லை. இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி ஏற்றியபோது எடுத்த படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அதை எடுத்த ஜோ ரோசந்தால், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஆள், ராணுவத்தவர் அல்ல. அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவருக்குப் பக்கத்திலேயே நின்று அதே காட்சியை வண்ணத்தில் திரைப்படச்சுருளில் பதித்தவர் பில் ஜெனாஸ்ட், மரைன் படையின் சார்ஜென்ட். சில நாட்களிலேயே அதே தீவில் ஒரு குகையில் கொல்லப்பட்டார். உடலும் கிடைக்கவில்லை. அவர் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

ஆனால் நான் அவளை உட்கார வைத்துப் பேச விரும்புவது இன்னொருவரைப் பற்றி. ரொனால்ட் ஹேபர்லி. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய். ராணுவச் செய்திப் பிரிவின் புகைப்படக்காரராக ஒரு கம்பெனியோடு அந்தக் கிராமத்துக்குப் போனார். அன்று அமெரிக்க வீரர்கள் ஆயுதமில்லாத கிராமத்து மக்களைக் கொன்று குவித்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்று வியட்நாம் கணக்குப்படி 504 பேர். ஹேபர்லியிடம் ராணுவம் கொடுத்த கறுப்பு வெள்ளை கேமராவும் இருந்தது, சொந்த வண்ண கேமராவும் இருந்தது. ராணுவ கேமராவில் எடுத்த சுருள்களை ஒப்படைத்தார். அவற்றில் கொலை இல்லை. பாதையில் குவிந்து கிடந்த பிணங்கள் சொந்த கேமராவில் இருந்தன. அவற்றை ஊருக்குக் கொண்டுபோனார். 1969 நவம்பர் 20 அன்று கிளீவ்லாந்தின் 'பிளெய்ன் டீலர்' நாளிதழில் அவை வெளியானபோது உலகமே அதிர்ந்தது. வீரர்கள் கொல்வது தெரியும்படியான சில படங்களைத் தானே அழித்துவிட்டதாக 2009இல் அவர் சொன்னார்.

அவரை வீரர் என்றோ கோழை என்றோ ஒரே சொல்லில் அடைக்க என்னால் முடியாது. அந்தப் படங்கள் இல்லையென்றால் மை லாயை அமெரிக்கா இவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்காது என்பது மட்டும் எனக்கு உறுதி. பத்திரிகைப் புகைப்படக்காரர் பிடிக்காத வேலையை உதறிவிட்டு வரலாம். சீருடையில் இருப்பவர் அப்படி வர முடியாது. தன் பக்கத்து ஆட்களே தப்பு செய்யும்போது கையில் கேமராவோடு நிற்கப்போவது தான்தான் என்று அவள் ஒருமுறையாவது யோசித்துப் பார்த்தாளா? கேளுங்கள். பதில் உடனே வரவில்லை என்றாலும் பரவாயில்லை.

பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்திரிகைகளில் புகைப்பட வேலை சுருங்கிக்கொண்டே வருகிறது, அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஆனால் 36 மாதம் முழுநேரப் பணி முடித்தால் ஜிஐ பில் என்ற படைவீரர் நலத் திட்டத்தில் கல்லூரிப் படிப்புக்கு முழு உதவி கிடைக்கும். பணியில் இருக்கும்போதே தேர்வானவர்களை சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்துக்குப் புகைப்பட இதழியல் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டேசி பியர்சால் அங்கே படித்தவர். விமானப்படையில் 17 வயதில் சேர்ந்து, ஆண்டின் சிறந்த ராணுவப் புகைப்படக்காரர் விருதை இரண்டு முறை வாங்கியவர். இராக்கில் பட்ட காயத்தால் 2008இல் ஓய்வு பெற்று, முன்னாள் படைவீரர்களின் முகங்களை நாடு முழுக்கப் போய்ப் படமெடுக்கத் தொடங்கினார். அந்த வாழ்க்கையின் இரண்டு பக்கத்தையும் அவள் பார்க்கட்டும்.

தடுக்க வேண்டுமா? வேண்டாம். 19 வயதில் சேர அவளுக்கு உங்கள் கையெழுத்தே தேவையில்லை. இருந்தும் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள், அது பெரிய விஷயம். ஒன்று மட்டும் கேளுங்கள். "உன் கேமராவை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் வாசலில் காவல் நில் என்றால் நிற்பாயா?" நிற்பேன் என்றால் போகட்டும். யோசித்தால், அவளுக்குப் பிடித்தது புகைப்படம்தான், ராணுவம் இல்லை. அதற்குக் கல்லூரியிலேயே நல்ல வழிகள் இருக்கின்றன.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். புகைப்படப் பணி என்று ரெக்ரூட்டர் வாயால் சொன்னது செல்லாது, தாளில் அந்தப் பணியின் பெயர் இருக்க வேண்டும். மொத்தக் கடமைக்காலம் 8 ஆண்டுகள். அதில் எத்தனை ஆண்டு முழுநேரம், எத்தனை ஆண்டு ரிசர்வ், அதாவது அழைத்தால் வர வேண்டிய நிலை, என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்த முறை அவள் ரெக்ரூட்டரைப் பார்க்கப் போகும்போது உங்கள் கணவரையும் கூட அனுப்புங்கள். வீட்டில் அவளிடம் கேட்க முடியாத கேள்விகளை அவர் அங்கே கேட்கட்டும்.