புது மெஷின் போடும் முன் வெளியே எதைப் பார்ப்பது?

கேள்வி: அவிநாசி பக்கம் 15 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும்) தையல் யூனிட் நடத்துகிறேன். இன்னும் 10 மெஷின் வாங்க வங்கிக் கடன் கேட்டிருக்கிறேன். அரசியல், பொருளாதாரம், சட்டம், சுற்றுச்சூழல் என்று வெளிக்காரணங்களை ஆராய்ந்து திட்டம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: தலைப்பு தலைப்பாக நிரப்பப் போனால் பக்கம்தான் கூடும். உங்களுக்கு நூல் வாங்கும் வேலையும் இல்லை, சாயம் போடும் வேலையும் இல்லை. வெளியே என்ன நடந்தாலும், வேலை தரும் ஏற்றுமதியாளர் வழியாகத்தான் உங்களிடம் வந்து சேரும். ஒன்று, தைக்க வரும் பீஸ் குறையும். இல்லையென்றால் பணம் தள்ளிப்போகும். அங்கிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானது. அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்தவர்களுக்கு விழுந்த அடி, ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்களுக்கு விழவில்லை. ஆகவே உங்களுக்கு வேலை தரும் பார்ட்டியிடம் கேளுங்கள்: நான் தைப்பது எந்த நாட்டுக்குப் போகிறது, ஆர்டர் எந்த மாதம் வரை கையில் இருக்கிறது? இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். பாதிக்கு மேல் ஒரே நாட்டுக்குப் போகிறது என்றால், மெஷினுக்கு முன்னால் வேறு சந்தைக்கு அனுப்பும் இன்னொரு பார்ட்டியைப் பிடியுங்கள்.

அப்புறம் நூல் விலை. 2022 மே மாதம் பருத்தி, 356 கிலோ கொண்ட கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் ஏறினால் ஏற்றுமதியாளரின் பணம் அதில் முடங்கும், உங்கள் பில் காத்துக்கிடக்கும். மாதத் தொடக்கத்தில் மில்கள் அறிவிக்கும் விலையைக் குறித்து வந்தால் இது முன்கூட்டியே தெரியும். உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இல்லாவிட்டால் உடனே செய்துவிடுங்கள். வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 43பி(எச்)), குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராதவர், அதைக் கொடுத்து முடிக்கும்வரை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான்.

சுற்றுச்சூழல் நம் யூனிட்டுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். 2011 ஜனவரியில், நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணி வராமல் தையல் யூனிட்டுகளும் நின்றன. உங்கள் பார்ட்டியின் துணி எந்தச் சாயப்பட்டறையில் இருந்து வருகிறது, அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வட மாநில ஆட்கள் ஊருக்குப் போகும் விஷயம் உங்களுக்கே தெரியும். தீபாவளி, சத் பூஜை, ஹோலி, அவர்கள் ஊர்த் தேர்தல், இவற்றைப் பார்த்து டெலிவரி தேதி ஒப்புக்கொள்ளுங்கள்.

சரி, முடிவுக்கு வருவோம். இரண்டு மாதம் ஒரு பீஸ்கூட வரவில்லை என்று வைத்துக்கொண்டு தவணை, வாடகை, கரண்ட், நிரந்தர ஆட்களின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகை உங்கள் கையிருப்பை மிஞ்சினால் பத்து மெஷின் இப்போது வேண்டாம். நான்கு போடுங்கள். இரண்டாவது பார்ட்டியிடம் மூன்று மாத வேலை உறுதியான பிறகு மீதி ஆறு. கடனையும் அதேபோல் இரண்டு கட்டமாக விடுவிக்கும்படி வங்கியிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.