பெயரில்லாப் பொட்டலமும் வீட்டு வறுவலும்: வாசகர் கேள்வி – பதில்

காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுப்பவர்கள், பெயர் எழுதாத பொட்டலங்களைத் தமக்குள் மாற்றிக்கொண்டு, உள்ளே இருப்பது எந்த வகை, எந்த மலை என்று கண்டறிய முயலும் பழக்கம் பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றிலிருந்து சில கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் மாமனார் காலம்வரை கைப்பிடி வைத்த இரும்பு உருளையில், கரி அடுப்பின்மேல் காப்பிக்கொட்டை வறுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த உருளை இப்போது இல்லை. சாதாரண வாணலியில் வறுத்துப் பழக முடியுமா?
*– வாசகி, கும்பகோணம்*

முடியும், அம்மா. தடித்த இரும்பு வாணலி, மரக்கரண்டி, முறம் ஆகிய மூன்றும் போதும். ஒட்டாத பூச்சுள்ள வாணலியை மட்டும் பயன்படுத்த வேண்டாம். வெறும் வாணலியாக அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் அந்தப் பூச்சு கெட்டுப் புகையும்.

ஒரு முறைக்கு 100 கிராம் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் அடியில் கிடப்பது கருகும்போது மேலே கிடப்பது பச்சையாகவே இருக்கும். மிதமான தீயில், கையை எடுக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருப்பதால், முதல் நான்கைந்து நிமிடங்கள் அது உலர்வதிலேயே போகும். அப்போது பச்சைப் புல்லின் வாசனை எழும். கொட்டை மஞ்சளாகும்போது அது காய்ந்த வைக்கோலின் வாசனையாகவும், பழுப்பு ஏறும்போது ரொட்டி சுடும் வாசனையாகவும் மாறும். கொட்டையின் சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை எட்டும்போது, உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் அதைப் பிளந்துகொண்டு வெளியேறும் சத்தம் சோளம் பொரிவதுபோல் கேட்கும். இதுவே முதல் வெடிப்பு. மேலும் வறுத்தால், 225 டிகிரியை ஒட்டி, சருகு நொறுங்குவதுபோல மெல்லியதாகவும் நெருக்கமாகவும் இரண்டாம் வெடிப்பு கேட்கும். அதன் பிறகு எண்ணெய் மேற்பரப்பில் கசியத் தொடங்கும். வாணலியில் முதல் வெடிப்பு வருவதற்குப் பத்து நிமிடங்கள் ஆகலாம். ஆறு நிமிடத்திலேயே வந்துவிட்டால் தீ அதிகம் என்று கொள்ளுங்கள்.

அடுப்பை அணைத்த பிறகும் கொட்டை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும் என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். உடனே முறத்தில் கொட்டி, மின்விசிறிக்கு எதிரே நின்று புடைத்தால் இரண்டு மூன்று நிமிடங்களில் சூடு தணியும். கொட்டையிலிருந்து உரிந்த வெள்ளிச் சவ்வும் பறந்துவிடும். இந்த வேலைக்கு முறத்தைவிடப் பொருத்தமான ஒரு கருவியை நான் இதுவரை கண்டதில்லை. ஆறிய கொட்டையை நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். 100 கிராம் போட்டு 86 கிராம் கிடைத்தால் அது இளவறுவலை ஒட்டியது. 82 கிராம்தான் கிடைத்தது என்றால் வறுவல் ஆழமாகிவிட்டது. நிறத்தைக் கண் தவறாகக் கணிக்கலாம். தராசு அப்படிச் செய்யாது.

நண்பர்கள் ஐவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெயரில்லாப் பொட்டலங்களை மாற்றிக்கொள்கிறோம். எண்ணெய் மினுமினுக்கும்வரை வறுத்து, சிறிது சிக்கரி சேர்த்து, டிகாக்ஷன் இறக்கிக் குடித்துப் பார்க்கிறேன். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. என் நாக்கில்தான் குறையா?
*– வாசகர், கோயம்புத்தூர்*

உங்கள் நாக்கில் குறையில்லை, ஐயா. உங்கள் வறுவல்தான் வித்தியாசங்களை அழித்துவிடுகிறது. ஒரு கொட்டையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் புளிப்பும் பழவாசனையும் பூவாசனையும் வறுவல் ஆழமாக ஆகத் தேய்ந்துகொண்டே போகின்றன. இரண்டாம் வெடிப்பைத் தாண்டியபின் நாம் பெரும்பாலும் சுவைப்பது வறுவலின் கசப்பையும் புகையையும்தானே ஒழிய, அந்தக் கொட்டை விளைந்த மலையை அன்று. அதன்மேல் சிக்கரியும் சேர்ந்துவிட்டால் ஏற்காட்டையும் குடகையும் பிரித்தறிய எவராலும் இயலாது. ஆழ்ந்த வறுவலை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. பாலுக்கு ஈடுகொடுத்து நிற்கும் டிகாக்ஷனுக்கு அது வேண்டும். என் வீட்டுக் காலைக் காப்பியும் அதுதான். ஆனால் பெயர் தெரியாத கொட்டையை அறிய முற்படும்போது, முதல் வறுவல் இளவறுவலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதல் வெடிப்பு தொடங்கியபின் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

சுவைத்துப் பார்க்கும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபில்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுநாள் 11 கிராம் கொட்டையைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதி அடங்கிய, ஏறத்தாழ 93 டிகிரிச் சூடுள்ள நீரை 200 மில்லி ஊற்றுங்கள். நான்கு நிமிடங்களில் தூள் மேலே ஏடாகத் திரண்டு நிற்கும். முகத்தை அருகில் கொண்டுபோய், கரண்டியின் முதுகால் அந்த ஏட்டை உடைக்கும் நொடியில் எழும் வாசனையை முதலில் எழுதுங்கள். பிறகு நுரையை வழித்துவிட்டு, கரண்டியால் எடுத்துக் காற்றோடு சேர்த்து உறிஞ்சுங்கள். சூடாக ஒருமுறை, வெதுவெதுப்பாக ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை என்று மூன்று தடவை சுவைக்க வேண்டும். புளிப்பும் இனிப்பும் துலங்குவது ஆறும்போதுதான். பாலும் சர்க்கரையும் இந்தக் கிண்ணத்துக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கொட்டையை அதே அளவு வறுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. தனியாக வைத்த ஒரு கிண்ணத்தைப் பற்றி நாக்கு உறுதியாக எதையும் சொல்வதில்லை. இரண்டு கிண்ணங்களை ஒப்பிடும்போது அதற்குத் தெளிவு பிறக்கிறது. வித்தியாசம் உண்மையா, மனப்பிரமையா என்ற ஐயம் வந்தால், மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரே கொட்டையையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றி, வரிசையை வீட்டில் வேறொருவர் மாற்றி வைக்கச் சொல்லி, தனித்திருப்பதைக் கண்டுபிடியுங்கள். ஒருமுறை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்து மூன்று முறை அப்படி அமைய இருபத்தேழில் ஒரு வாய்ப்புதான்.

வறுப்பதற்கு முன்பே, பச்சைக் கொட்டையைப் பார்த்து எவற்றைச் சொல்ல முடியும்?
*– வாசகர், நாகர்கோவில்*

பலவற்றைச் சொல்லலாம், ஆனால் ஆர்வலர்கள் சொல்லத் துடிக்கும் ஊர்ப்பெயரை மட்டும் சொல்ல முடியாது.

பொட்டலத்தைப் பிரித்ததும் வெள்ளைத் தாளில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காப்பியில் நம்மிடம் பெரிதும் பயிராகும் இனங்கள் அராபிகா, ரோபஸ்டா என்ற இரண்டு. நடுக்கோடு வளைந்து, கொட்டை நீள்வட்டமாக இருந்தால் அராபிகா. கோடு நேராக, கொட்டை உருண்டையாக இருந்தால் ரோபஸ்டா. அடுத்து நிறம். பழத்தைப் பல்பர் என்னும் தோலுரிக்கும் இயந்திரத்தில் இட்டு உரித்து, நொதிக்க வைத்துக் கழுவி உலர்த்திய கொட்டை நீலம் கலந்த பச்சையாகத் துப்புரவாக இருக்கும். வணிகத்தில் 'பிளாண்டேஷன்' என்று சொல்லப்படுவது கழுவிய அராபிகாவைத்தான். பழத்தோடு வெயிலில் காயவைத்து உடைத்த 'செர்ரி' கொட்டையில் மஞ்சளும் பழுப்பும் ஏறி, சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். வறுத்தபின்னும் இந்த வேறுபாடு தெரியும்: கழுவிய கொட்டையின் நடுக்கோடு வெளிறி நிற்கும், செர்ரியின் கோடு கருத்துப்போகும்.

வெளிறிய பொன்னிறத்தில், வீங்கி, கைக்கு இலேசாக இருந்தால் அது மான்சூன்டு மலபாராக இருக்கும். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போன இந்தியக் கொட்டை கடல் ஈரத்தில் ஊறி நிறம் மாறியதாகவும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களால் பயணம் சுருங்கியபின் அந்தச் சுவையைக் காணாத வாங்குவோருக்காக அதே மாற்றத்தைக் கரையிலேயே உண்டாக்கக் கற்றுக்கொண்டதாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில், தென்மேற்குப் பருவக்காற்று புகும்படி பரப்பிப் புரட்டித்தான் இதைத் தயாரிக்கிறார்கள். இந்தக் கொட்டை இளகியது. தொடக்கத் தீ அதிகமானால் வெளிப்புறம் கருகிவிடும். முதல் பொட்டலத்தை நான் இப்படித்தான் பாழாக்கினேன். கருகலின் சுவையையே அதன் இயல்பான சுவை என்று நம்பி, நெடுநாள் அந்தக் கொட்டையை வாங்காமல் இருந்துவிட்டேன்.

ஊரை ஏன் சொல்ல முடியாது என்றால், ஒரே செடி வகை பல மலைகளில் பயிராகிறது. சிக்கமகளூரு மாவட்டத்துப் பாலேஹொன்னூரில் 1925-இல் தொடங்கிய காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எஸ்.795 என்னும் அராபிகா வகை அங்கேயும் உண்டு, தமிழ்நாட்டு மலைகளிலும் உண்டு. கென்ட்ஸ் என்னும் அராபிகா வகையோடு, லைபீரிகா என்னும் வேறொரு காப்பி இனத்தின் கலப்பு வழிவந்த எஸ்.288-ஐ இணைத்து உண்டாக்கிய அந்த வகை, ஏற்காட்டில் விளைந்ததா தாண்டிக்குடியில் விளைந்ததா என்று பச்சைக் கொட்டையின் உருவம் காட்டிக்கொடுக்காது.

வந்த பொட்டலம் முழுவதும் பீபரி என்று சரியாக எழுதியும், 'வகையைச் சொல்லவில்லை' என்று மதிப்பெண் தர மறுத்துவிட்டார்கள். இது முறையா?
*– வாசகி, திருச்சி*

முறைதான். பீபரி என்பது செடியின் வகையன்று. ஒரு பழத்துக்குள் வழக்கமாக எதிரெதிராக இரண்டு விதைகள் வளரும். ஒன்று வளராமல் போனால் எஞ்சியது இடமிருப்பதால் உருண்டு திரண்டுவிடுகிறது. அந்த ஒற்றைக் கொட்டையே பீபரி. எல்லாத் தோட்டத்திலும், எல்லா வகையிலும், அராபிகாவிலும் ரோபஸ்டாவிலும் இது உண்டு. சல்லடையில் பிரித்தெடுத்துத் தனித்தரமாக விற்பதால், தனி இனம் என்ற எண்ணம் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது.

நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். சுமத்ராவின் பச்சைக் கொட்டை இங்கே எளிதாகக் கிடைக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, தம்பியின் குழுவுக்குப் புதிர்ப் பொட்டலமாகக் கொண்டுவர எண்ணுகிறேன்.
*– வாசகர், சிங்கப்பூர்*

தயவுசெய்து பச்சையாகக் கொண்டுவராதீர்கள். வறுக்காத கொட்டை ஒரு விதை. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகள் இடம் தருவதில்லை. இதை வெறும் சட்டக் கெடுபிடியாக எண்ண வேண்டாம். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுக்காலத்துக்குள் அந்தத் தீவின் காப்பித் தொழிலையே அழித்தது. தமிழகத்திலிருந்து கால்நடையாகவும் படகிலும் சென்று அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் நம்மவர்கள். காப்பி அழிந்த மலைகளில் பின்னர் தேயிலை வந்தது. 1990-இல் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்ட காய்த்துளைப்பான் வண்டு, கொட்டைக்குள்ளேயே குடைந்து முட்டையிட்டு வாழ்வது. இன்றுவரை நம் விவசாயிகள் அதோடு போராடுகிறார்கள். நம் பொழுதுபோக்கின் பொருட்டு அவர்களுக்கு இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது. சிங்கப்பூரிலேயே நீங்கள் வறுத்து, வறுத்த நாளைக் குறித்து, சிறிதளவு கொண்டுவந்தால் தம்பியின் குழு அதைச் சுவைத்துக் கண்டறியட்டும்.

எங்கள் குழுவில் ஒருவர், கடையில் நெடுநாள் தேங்கிய சரக்கைப் 'புதிர்' என்று அனுப்பிவிட்டார். பழைய கோணிச் சாக்கைச் சுவைத்ததுபோல் இருந்தது. பொட்டலப் பரிமாற்றத்துக்கு என்னென்ன விதிகள் வைக்கலாம்?
*– வாசகர், சேலம்*

விதிகள் சிலவே போதும், ஆனால் அனைவரும் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும். அனுப்புபவர், தானே வறுத்துச் சுவைத்துப் பார்க்காத கொட்டையை அனுப்பக் கூடாது. நீங்கள் சொல்லும் குறை இந்த ஒரு விதியாலேயே நீங்கியிருக்கும். ஆளுக்கு 250 கிராமாவது அனுப்புங்கள். முதல் 100 கிராம் கொட்டையின் போக்கை அறிவதற்கே செலவாகிவிடும். இரண்டாவது வறுவலில்தான் அதன் சுவை சரியாக வெளிப்படும். தோட்டம் அல்லது பகுதி, செடி வகை, பதப்படுத்திய முறை, தரம், அறுவடைப் பருவம் ஆகிய ஐந்தையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பொட்டலத்துக்குள் வையுங்கள். அராபிகாப் பழம் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை பறிக்கப்படுவதால், அறுவடைப் பருவம் தெரிந்தால் கொட்டையின் வயதும் தெரிந்துவிடும்.

பெறுபவர், தம் குறிப்புகளை எழுதி முடித்துக் குழுவுக்குத் தெரிவித்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். விடையைப் பார்த்தபின் எழுதும் குறிப்பில் நாக்கு சொன்னது எது, படித்தது எது என்று எழுதியவருக்கே தெரியாது. மதிப்பெண்ணையும் ஊர்ப்பெயருக்கு மட்டும் தராதீர்கள். 'கழுவிய அராபிகா, உலர்ந்த பழ வாசனை இல்லை, எலுமிச்சைப் புளிப்பு, ஆறும்போது வெல்ல இனிப்பு' என்று எழுதி ஊரைத் தவறாகச் சொன்னவர், காரணமே இல்லாமல் ஊரைச் சரியாகச் சொன்னவரைவிட நன்றாகச் சுவைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே கொட்டையை இரண்டு எண்களிட்டு இரண்டு பொட்டலமாக அனுப்பிப் பாருங்கள்; இரண்டுக்கும் ஒரே குறிப்பை எழுதுபவரின் நாக்கை நீங்கள் நம்பலாம்.

ஒரே வறுவலில் சில கொட்டைகள் மட்டும் வெளிறி நிற்கின்றன. கலப்படமா?
*– வாசகர், மதுரை*

பெரும்பாலும் இல்லை. பழுக்காத காயைப் பறித்ததால் இனிப்பு சேராத கொட்டைகள் அவை. எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. அரைக்கும் முன் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு விழுந்தால்கூட வேர்க்கடலைத் தோலின் சுவை தட்டும்.

வறுத்த அன்றே அரைத்து ஃபில்டரில் போட்டால், தூள் பொங்கி எழுகிறது. டிகாக்ஷன் சீராக இறங்குவதில்லை, சுவையும் காரமாக இருக்கிறது.
*– வாசகி, சென்னை*

வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கிறது; வெந்நீர் பட்டதும் அது வெளியேறும் வேகத்தில் தூள் உப்பி, நீர் சரியாக ஊறாமல் போகிறது. கிண்ணத்தில் சுவைத்துப் பார்க்க ஒரு நாள் பொறுத்தால் போதும். ஃபில்டருக்கானதை, முதல் நாள் முழுவதும் மூடியை இறுக்காமலும், பிறகு காற்றுப் புகாமலும் டப்பாவில் வைத்திருந்து, நான்காம் அல்லது ஐந்தாம் நாள் அன்றன்று வேண்டிய அளவு மட்டும் அரைத்துப் போடுங்கள்.