மாற்கிலிருந்து ஆரம்பியுங்கள்: புதிதாக வேதம் வாசிக்கிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் சபையில் ஞானஸ்நான வகுப்பு எடுக்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. நான் போதகர் இல்லை, பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். எபிரெயம் தெரியாது. கிரேக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் வேதாகமம் வாசிப்பது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து கேள்விகள் வருகின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி: ஐயா, போன மாதம்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். ஆதியாகமம் நன்றாகப் போனது. யாத்திராகமம் பாதிக்கு மேல் கொக்கி, பாதம், தாழ்ப்பாள் என்றே வருகிறது. தூக்கம் வந்துவிடுகிறது. எனக்கு விசுவாசம் போதவில்லையா?

விசுவாசம் இருக்கிறது, தம்பி. ஷிஃப்ட் முடிந்து வந்து, இஸ்ரவேலர் ஆராதனைக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளை வாசித்தால் எனக்கும் தூக்கம் வரும். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்திலிருந்து வருவது தச்சனுக்கும் தையல்காரனுக்கும் கொடுத்த விவரம். அதற்கும் அர்த்தம் உண்டு, ஆனால் முதல் மாதத்தில் அது கண்ணில் படாது.

வேதாகமம் 66 புத்தகங்கள் உள்ள ஓர் அலமாரி. இடது ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். பதினாறே அதிகாரம். சத்தமாக வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். யூத வழக்கம் தெரியாத வாசகர்களை மனதில் வைத்து எழுதியது அது. சாப்பிடுமுன் கை கழுவுகிற முறைமையைக்கூட ஏழாம் அதிகாரத்தில் நின்று விளக்குகிறார். நமக்கும் அது தெரியாதுதானே.

முதல் தடவை நிறுத்தாமல் வாசியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர் யார்? படகில் இருந்தவர்கள் நான்காம் அதிகாரத்தில் அதைத்தான் கேட்கிறார்கள், "இவர் யாரோ?" என்று. எட்டாம் அதிகாரத்தில் இயேசுவே சீஷர்களைப் பார்த்துக் கேட்கிறார். அதற்குச் சற்று முன்னால் ஒரு குருடன் இரண்டு தவணையில் பார்வை அடைகிறான். முதலில் மனுஷர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். அடுத்த பகுதியில் பேதுரு "நீர் கிறிஸ்து" என்று சரியாகச் சொல்லிவிட்டு, உடனேயே சிலுவை வேண்டாம் என்று கடிந்துகொள்கிறான். அவனுக்கும் பாதிப் பார்வைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கடைசியில் 15-ஆம் அதிகாரத்தில், சிலுவைக்கு எதிரே நின்ற ரோம நூற்றுக்கு அதிபதி வாயிலிருந்து பதில் வருகிறது.

மாற்கு முடிந்ததும் லூக்கா, அதை முடித்த கையோடு அப்போஸ்தலர். இரண்டையும் தெயோப்பிலு என்ற ஒருவருக்கு ஒரே ஆள் எழுதினார். அப்புறம் ஆதியாகமத்துக்குத் திரும்புங்கள். கொக்கியும் தாழ்ப்பாளும் காத்திருக்கும்.

மதுரை, வங்கி ஊழியர்: ஒரு வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணை நல்லதா?

மொத்தம் 1189 அதிகாரங்கள். தினமும் மூன்றுக்கு மேல் வரும். பழகினவர்களுக்குச் சரி. புதியவர்கள் ஜனவரியில் ஓடுவார்கள், பிப்ரவரியில் லேவியராகமத்தில் கப்பல் தரைதட்டும், மார்ச்சில் குற்ற உணர்வு வரும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் சரியாக ஒரு வருடம். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க.

சேலம்: 666 என்றால் யார்?

அந்த எண் வருவது வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில். அதை இப்போது தொடாதீர்கள். அதில் வருகிற படங்கள் பெரும்பாலும் தானியேல், எசேக்கியேல், சகரியா, யாத்திராகமத்திலிருந்து வந்தவை. அவற்றை வாசிக்காமல் இதைத் திறப்பது, முதல் பாகம் பார்க்காமல் இரண்டாம் பாகம் பார்ப்பதுபோல.

ஓசூர், பெயர் வேண்டாம் என்றவர்: டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. மார்ச் மாதம் வேலை போய்விட்டது. அந்த வசனம் எனக்கு இல்லையா?

இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். என் வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒன்று உண்டு, பிள்ளைகள் கேலி செய்யும் அளவுக்கு: மேலே பத்து, கீழே பத்து. எந்த வசனம் கையில் கிடைத்தாலும் மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசித்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். வாங்குகிறவர்கள் நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்கள். வீடு, நிலம், ஆலயம் எல்லாவற்றையும் விட்டுப் பிரிந்து நிற்கிறவர்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழுந்து, இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவிக்கிறான். ஜனங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்கிறார் எரேமியா. பிறகு கடிதத்தில் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறையிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பத்தாம் வசனத்தில் கணக்கும் இருக்கிறது, எழுபது வருடம். அதற்கு அடுத்த வரிதான் உங்கள் அட்டையில் வந்தது, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே பாபிலோனில் செத்திருப்பார்கள். ஆனாலும் அது அவர்களுக்கு எழுதின வார்த்தைதான். வேலை போகாது என்று எரேமியா சொல்லவில்லை. எல்லாம் போன இடத்தில் இருந்தவர்களுக்கே அதைச் சொன்னார். அப்படிப் பார்த்தால், ஜனவரியில் இருந்ததைவிட இப்போதுதான் நீங்கள் அந்த வசனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அட்டையை எறிய வேண்டாம். அதன் பின்பக்கம் "28, 29 முழு அதிகாரம்" என்று எழுதி வையுங்கள். வேலை விஷயமாக உங்கள் சபை மூப்பர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பெயர் இல்லை: மாதவிலக்கு நாட்களில் வேதாகமத்தைத் தொடலாமா?

தொடலாம், வாசிக்கலாம், ஜெபிக்கலாம். இரத்தப்போக்குள்ள ஒரு பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பகுதியை, மாற்கு 5:25 முதல் 34 வரை, வாசியுங்கள், அம்மா.

சென்னை, கல்லூரி மாணவி: அங்கிள், பழைய மொழிபெயர்ப்பு எனக்குப் பாதி புரியவில்லை. திருவிவிலியம் வாசிக்கலாமா? சபையில் அக்காமார் கூடாது என்கிறார்கள்.

தாராளமாக. பழைய மொழிபெயர்ப்பில் புரியாத வார்த்தையைவிடப் புரிந்ததுபோல இருக்கிற வார்த்தைதான் ஆபத்து. "நான் தாழ்ச்சியடையேன்" என்ற 23-ஆம் சங்கீதத்தை, யாரும் என்னைத் தாழ்த்த முடியாது என்று சாட்சி சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். அங்கே தாழ்ச்சி என்றால் குறைவு. திருவிவிலியத்தில் "எனக்கேதும் குறையில்லை" என்று இருக்கிறது, சந்தேகமே வராது. ரோமர் 12:11-இல் "ஜாக்கிரதையாயிருங்கள்" என்றால் பார்த்துப் போ என்று அர்த்தம் இல்லை, சுறுசுறுப்பாக இரு என்று அர்த்தம். பத்துக் கட்டளையில் "எரிச்சலுள்ள தேவன்" என்றால் சிடுசிடுப்பவர் அல்ல, தமக்குரியதைப் பிறருக்கு விட்டுக்கொடுக்காதவர்.

பெயர்கள் மாறும், பயப்படாதீர்கள். அங்கே சங்கீதம் திருப்பாடல்கள், ஆதியாகமம் தொடக்கநூல்.

நாகர்கோவில், பெரியவர் ஒருவர்: ஐயா, புதியவர்களுக்கு இப்படியா சொல்வது? அது கத்தோலிக்க பைபிள். தேவனைக் கடவுள் ஆக்கிவிட்டார்கள். அதிகப் புத்தகங்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி, 1995-இல் வந்த அந்த மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கரோடு இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து உழைத்தது. அதிகப் புத்தகங்கள் என்று நீங்கள் சொல்வது தோபித்து, மக்கபேயர் முதலானவை. கத்தோலிக்கர் கணக்கு 73, நம் கணக்கு 66. மாற்கில் இரண்டு பேருக்கும் அதே பதினாறு அதிகாரம்தான். அந்தப் பிள்ளை மாற்கை வாசிக்கட்டும்.

தேவன், கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1715-இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் இருந்த வார்த்தை சர்வேசுரன். அந்தத் தரங்கம்பாடித் தமிழை வீரமாமுனிவர் நையாண்டி செய்தது தனிக் கதை. அப்புறம் இன்னொரு ஜெர்மன் மிஷனரி ஃபெப்ரீஷியஸ் வந்து பராபரன் என்று போட்டார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் மொழிபெயர்த்தபோது கூட உட்கார்ந்து தமிழைச் செப்பனிட்டவர் ஆறுமுக நாவலர், பழுத்த சைவர். நீங்கள் கையில் வைத்திருக்கும், தேவன் என்கிற மொழிபெயர்ப்பு பவர் ஐயர் குழுவினுடையது, 1871. அது வந்தபோது, பராபரனை எடுத்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டு லுத்தரன் சபையார் ஃபெப்ரீஷியஸையே வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நீங்கள் இருந்திருந்தால் தேவனுக்கு எதிராகப் பேசியிருப்பீர்கள்.

நாகர்கோவில் பெரியவர்: வரலாறு இருக்கட்டும். 1 யோவான் 5:7-இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று இருப்பதை எடுத்துவிட்டார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி, மழுப்பப் போவதில்லை. அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. லத்தீன் வழியாக உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை; எதிர்ப்பு வந்த பிறகு 1522-ஆம் வருடப் பதிப்பில்தான் சேர்த்தார். நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த வழியில் வந்த கிரேக்க மூலத்தைப் பின்பற்றுகிறது. திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

பாளையங்கோட்டை, ஆசிரியை: இருந்தாலும் பழைய தமிழின் ஓசை புதியதில் இல்லையே, சார்.

இல்லைதான், டீச்சர். "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று என் அம்மா வாசித்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. மனப்பாடம் செய்ய எனக்குப் பழையதுதான். புரியாத இடத்தில் மற்றதைத் திறப்பேன். மேஜையில் இரண்டும் இருக்கின்றன, சண்டை போடவில்லை.

நாகர்கோவில் பெரியவர்: உங்கள் விளக்கத்தை ஏற்க முடியவில்லை.

சரி. இதோடு இந்த விஷயத்தை விட்டுவிடுவோம், அண்ணாச்சி. இருபது கேள்வி காத்திருக்கிறது.

கரூர்: ஆதார் எண்ணுக்கும் 666-க்கும் தொடர்பு உண்டா?

சேலம்காரருக்குச் சொன்ன பதில். ஆதாரை எடுத்து வையுங்கள், ரேஷனுக்குத் தேவைப்படும்.

விருதுநகர்: ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் மாறுமா?

தாசில்தார் அலுவலகத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ கேளுங்கள். எனக்குத் தெரிந்தது மாற்கு.

ஈரோடு பக்கம், பெயர் வேண்டாம்: அண்ணா, நான் விசுவாசத்துக்கு வந்தது புகுந்த வீட்டில் தெரியாது. போனில் ஒளித்து வாசிக்கிறேன். மாமியாரோடு கோயிலுக்கும் போக வேண்டியிருக்கிறது. நான் வாசிப்பது பொய்யா?

பொய் இல்லை, தங்கச்சி. 2 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம் வாசியுங்கள். நாகமான் என்ற சீரியாவின் படைத்தலைவன் குஷ்டம் நீங்கிக் கர்த்தரை நம்புகிறான். ஊருக்குத் திரும்புமுன் எலிசாவிடம் ஒன்று கேட்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கிறது, கர்த்தர் எனக்கு அதை மன்னிப்பாராக. எலிசா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார்.

இதை எல்லாருக்கும் எப்போதைக்குமான சட்டமாக நான் ஆக்கவில்லை. உங்களுக்கு இன்றைக்கு இது போதும் என்று நினைக்கிறேன். பாத்திரம் கழுவும்போது இயர்போனில் ஓர் அதிகாரம் கேளுங்கள். சங்கீதத்தில் தினமும் ஒன்று. நம்பிக்கையான அக்கா ஒருவர் சபையில் கிடைத்தால் வாரம் ஒருமுறை போனில் பேசுங்கள். வீட்டில் யாரோடும் வாதம் வேண்டாம். அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் அதை மட்டும் ஒளிக்காதீர்கள், உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

கோவை: பரீட்சைக்கு முன்னால் பிலிப்பியர் 4:13, "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைச் சொல்லலாமா?

மேலே பத்து, கீழே பத்து. பவுல் பட்டினி கிடக்கவும் கற்றுக்கொண்டேன் என்று பேசிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள், படித்துவிட்டும் போங்கள்.

நாமக்கல்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

மாற்கு.

தர்மபுரி: புதிதாக வந்திருக்கிறேன். எந்தப் புத்தகம் முதலில்?

மாற்கு, மாற்கு.

திண்டுக்கல்: அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆடியோ கேட்டால் வாசித்ததாக ஆகுமா?

கட்டாயம் ஆகும். வெளிப்படுத்தின விசேஷத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு நானே தொடுகிறேன், 1:3. "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" என்று இருக்கிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். முதல் நூற்றாண்டுச் சபை அப்படித்தான் இருந்தது. முடிந்தால் ஆடியோவைவிட நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அப்பா நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார், அது இரண்டு பேருக்கும் நல்லது.

திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி: ஐயா, கேள்வி அனுப்பிவிட்டு மாற்கை எடுத்தேன், ஐந்தாம் அதிகாரம் முடிந்துவிட்டது. செத்துப்போன சிறுபெண்ணிடம் "தலீத்தாகூமி" என்கிறார். அர்த்தமும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் எதற்கு அந்தப் புரியாத வார்த்தை?

நான்கு மணி நேரமாக இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன், தம்பி. மாற்கு எழுதுவது கிரேக்கத்தில். அந்த வீட்டில் பேசின பாஷை அரமேயம், பிள்ளையின் அம்மா அப்பா காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். அதை மொழிபெயர்த்து விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஏழாம் அதிகாரத்தில் செவிடனிடம் "எப்பத்தா" என்பார், அங்கேயும் அப்படியே வைத்திருக்கிறார். 15:34-இல் இன்னொன்று வரும், அதற்குள் பாய்ந்துவிடாதீர்கள், வரிசையாகவே போங்கள். நாளைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ஆறாம் அதிகாரத்திலிருந்து.