மாசமா இருக்கும்போது பூனையை வெளியே விடணுமா?

கேள்வி: எனக்கு இப்போது நான்காவது மாதம். வீட்டுக்குள்ளேயே மூன்று வருடமாக ஒரு பூனை வளர்க்கிறோம். வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது, மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: மார்க்கெட்டில் விடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு நாய் துரத்தினால் எங்கே ஏறுவது என்றுகூடத் தெரியாது.

மாமியார் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் அது பூனையின் முடியிலோ மூச்சிலோ வருவதில்லை, மலத்தில் வருகிறது, அதுவும் பெரும்பாலும் பூனைக்கு முதல்முறை தொற்று வந்த 1 முதல் 3 வாரம் வரைதான். வெளியேறிய உடனே யாருக்கும் ஒட்டாது, அதற்கு 1 முதல் 5 நாள் ஆக வேண்டும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிந்தது. அதை இன்றிலிருந்து உங்கள் கணவர் செய்யட்டும். அவர் ஊரில் இல்லாத நாளில் நீங்களே செய்ய நேர்ந்தால் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பூனைக்குப் பச்சைக் கறி, பச்சை மீன் வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள். எலி பிடிக்காத, வெந்ததை மட்டும் சாப்பிடும் பூனைக்கு இந்தத் தொற்று வருவதே அரிது. சரியாக வேகாத மட்டன், அலசாத கீரை, தொட்டிச் செடியின் மண் இவற்றிலிருந்தும் இது உங்களுக்கு வரலாம், அங்கேயும் கவனமாக இருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

குழந்தை பிறந்த பிறகு நிஜமாகவே கவனிக்க வேண்டியது தூளி. கதகதப்பான இடம் தேடும் பூனை அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், குழந்தையின் முகத்தை ஒட்டிப் படுத்தால் மூச்சுக்கு ஆபத்து. குழந்தை தூங்கும் அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள், இரண்டையும் தனியாக விடவே வேண்டாம். அந்த அறைக்குள் போகாமல் இருக்க இப்போதே பழக்கினால், பிள்ளை வந்ததும் கதவுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருக்காது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவீர்கள் இல்லையா, அந்த மாதங்களில் பூனை மாமியாரோடுதான் இருக்கும். ஒருவேளைச் சாப்பாட்டை இப்போதிருந்தே அவர் கையால் வைக்கச் சொல்லுங்கள். வேளை தவறாமல் சாப்பாடு வைப்பவரின் காலைத்தான் பூனை சுற்றும். அவரிடம் இந்தப் பதிலையும் படித்துக் காட்டுங்கள்.