கொர்யோ – கித்தான் போர்: கேள்வி பதில்

கொரியத் தொடர் ஒன்று பார்த்தேன். கித்தான்களுக்கும் கொர்யோவுக்கும் அப்படி என்ன பகை?

கொர்யோ என்பது பழைய கொரிய அரசு. கித்தான்கள் குதிரையேறி வாழ்ந்த புல்வெளி மக்கள். லியாவ் பேரரசு அவர்களுடையது. 926இல், கொர்யோவைப் போலவே பழைய கொகுர்யோ அரசின் வாரிசாகத் தன்னைக் கருதிய பல்ஹே நாட்டை அழித்தார்கள். கொர்யோவை நிறுவிய வாங் கொன் அதை மறக்கவில்லை. 942இல் அவர்கள் 50 ஒட்டகங்களைப் பரிசாக அனுப்பியபோது, தூதர்கள் 30 பேரையும் தீவுக்கு நாடுகடத்திவிட்டு, ஒட்டகங்களைப் பாலத்தடியில் கட்டிப் பட்டினி போட்டே கொன்றார். ஒட்டகம் என்ன பாவம் செய்தது! ஆனால் போருக்கு உடனடிக் காரணம் வேறு. சீனத்தின் சோங் அரசோடு லியாவ் மோதிக்கொண்டிருந்தது. கொர்யோவோ சோங் பக்கம்.

993இல் சண்டை போடாமல் பேசியே நிலம் வாங்கினார்களாமே, நம்பலாமா?

நம்பலாம். என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் பெரிய வெற்றி இதுதான். லியாவ் படையெடுத்து வந்ததும், கொர்யோ அரசவையில் பலர் வடபகுதியை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றார்கள். சோ ஹி என்ற அமைச்சர் மட்டும் எதிரித் தளபதியை நேரில் பார்க்கப் போனார். "பழைய கொகுர்யோ மண் எங்களுடையது" என்றார் தளபதி. "எங்கள் நாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான், அப்படிப் பார்த்தால் உங்கள் கிழக்குத் தலைநகரே எங்கள் மண்ணில்தான் இருக்கிறது" என்ற பொருளில் பதில் சொன்னார் சோ ஹி. அப்புறம், இடையில் வழியை மறிக்கும் ஜுர்சென் இனத்தவரை விரட்டினால்தான் உங்களோடு உறவு வைக்க முடியும் என்றார். சோங் உறவை விட்டதற்கு ஈடாக யாலு ஆற்றுக்குக் கிழக்கே ஆறு கோட்டை ஊர்கள் கிடைத்தன. ஹுங்ஹ்வாஜின், க்வீஜு இரண்டும் அதில் அடக்கம்.

1010 போரில் கொர்யோ தோற்றதா?

லியாவ் மீண்டும் படையெடுத்தது. கொர்யோவின் தலைநகர் எரிந்தது, அரசர் ஹ்யோன்ஜோங் தெற்கே நாஜுவரை ஓடினார். ஆனால் ஹுங்ஹ்வாஜின் கோட்டை விழவில்லை. அதைக் காத்த யாங் க்யு, திரும்பிப் போன படையை விடாமல் தாக்கிக் கைதிகளை மீட்டார். அந்தச் சண்டையிலேயே இறந்தார்.

க்வீஜுவில் அணையை உடைத்து எதிரியை மூழ்கடித்தார்கள், சரிதானே?

இல்லை. மாட்டுத்தோலால் ஓடையை அடைத்துத் திறந்துவிட்டது 1018இல், லியாவ் மறுபடியும் படையெடுத்தபோது, ஹுங்ஹ்வாஜினில். க்வீஜுவில் 1019இல் நடந்தது வெட்டவெளிப் போர். மழையோடு காற்று தெற்கிலிருந்து திரும்பி எதிரியின் முகத்தில் அடித்தது. ஒரு லட்சம் பேரில் சில ஆயிரம் பேரே ஊர் திரும்பினார்கள். படை நடத்திய காங் கம்சான் எழுபதைத் தாண்டியவர், அதுவும் தேர்வு எழுதி வந்த அரசு அதிகாரி.

அவ்வளவு வென்றும் கொர்யோ கப்பம் கட்டியதா?

ஆமாம், அடுத்த ஆண்டே லியாவோடு சமாதானமாகிப் கப்பம் கட்டும் பழைய உறவுக்குத் திரும்பியது. ஆறு ஊர்களை மட்டும் கொடுக்கவில்லை.