நிகோபார் தீவுல நர்ஸ் வேலை: கேட்டவங்களுக்கு என் பதில்

நிகோபாரின் நான்கவுரி தீவுகள்ல நர்ஸா இருந்தவ நான். அங்கே வேலைக்குப் போக நினைக்கிற நம்ம வடசென்னைப் பிள்ளைங்களும் மத்தவங்களும் கேட்டதுக்கு இங்கே பதில் சொல்றேன்.

நர்சிங் மாணவி, தண்டையார்பேட்டை: அக்கா, அங்கே பெரிய கஷ்டம் மருந்து கிடைக்காததா?

இல்லம்மா. யாரை எப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு முடிவெடுக்கிறதுதான். இங்கே பிரசவத்துல சிக்கல்னா ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கலாம். அங்கே போர்ட் பிளேருக்கு (இப்போ ஸ்ரீ விஜயபுரம்னு பேரு) கப்பல், இல்லைன்னா ஹெலிகாப்டர். காத்து மழை வலுத்தா ரெண்டும் நின்னுடும். பிபி ஏறுதா, ரத்தசோகையா, முன்னாடி சிசேரியனா, ரெட்டைப் பிள்ளையான்னு முன்னமே பார்த்து, வலி வர்றதுக்கு சில வாரம் முன்னாடியே அனுப்பிடணும். வீட்டுல தயங்குவாங்க. மத்த பிள்ளைங்களை யார் பார்ப்பா, அங்கே எங்கே தங்குறது? நியாயமான கேள்வி, பயமுறுத்தி அனுப்பாதீங்க. ஊர்த் தலைவரை அங்கே கேப்டன்னு சொல்வாங்க. அவரையும் வீட்டுப் பெரியவங்களையும் வெச்சுப் பேசி, கூடப் போறது யாருன்னு முடிவு பண்ணுங்க. அப்புறம்தான் அந்தப் பொண்ணு நிம்மதியா கப்பல் ஏறும்.

அதே மாணவி: கரண்ட் போனா?

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும், குளிர்பெட்டியைச் சும்மா திறக்காதீங்க. பிரசவ ரத்தப்போக்குக்குப் போடுற ஆக்ஸிடோசினுக்கும் குளிர் வேணும். மிசோபிரோஸ்டால் மாத்திரைக்கு வேண்டாம், அதையும் கையிருப்புல வைங்க.

லேப் டெக்னீஷியன், கொருக்குப்பேட்டை: யானைக்கால் டெஸ்டுக்கு அங்கேயும் ராத்திரிதான் ரத்தம் எடுக்கணுமா?

அருமையான கேள்வி. நம்ம பக்கம் சாக்கடையில வளர்ற கியூலெக்ஸ் கொசு ராத்திரி கடிக்கும். அது பரப்புற யானைக்கால் நோயோட குட்டிப் புழுவும் ராத்திரிதான் ரத்தத்துல நிறைய தெரியும். நான்கவுரியில பரப்புறது பகல்ல கடிக்கிற காட்டுக் கொசு. புழுவும் பகல்லதான் அதிகம். நம்ம பழக்கத்துல ராத்திரி எடுத்தா நோய் கண்ணுக்குத் தப்பிடலாம்.

மீனவர், காசிமேடு: நடுக்கடல்ல திருக்கை முள் குத்தினா என்னம்மா பண்றது?

அண்ணே, தாங்குற சூட்டுல, 45 டிகிரிக்கு மேல போகாம, சுடுதண்ணியில அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வைங்க. சூட்டைக் குத்துப்படாத கையில பார்த்துக்குங்க. நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தி முள் நின்னா பிடுங்கவே கூடாது, உடனே கரை திரும்புங்க. டெட்டனஸ் ஊசியும் அவசியம்.

மாணவர், எண்ணூர்: நினைச்சா போயிட முடியுமா?

முடியாதுப்பா. அது பழங்குடி மக்களோட மண்ணு, 1956ல வந்த பாதுகாப்பு விதிமுறை இருக்கு. அனுமதிச் சீட்டு கையில வந்த பிறகு கப்பல் டிக்கெட்டைப் பாருங்க.