அமெரிக்கச் சிற்றூர்களில் உள்ள பழைய வீட்டு அருங்காட்சியகங்கள் பார்க்கத் தகுந்தவையா, நேர விரயமா?

ஒரே நாளில் நாலு வீடு பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் நேர விரயம்தான். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஊர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு. பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது எந்த நாற்காலி யாருடையது என்றே குழம்பிவிட்டது. அடுத்த முறை அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். இரண்டே வீடு போதும் என்று முடிவு செய்தேன்.

காலையில் ஆர்ச்சர்டு ஹவுஸ். எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் 1868-ல் 'லிட்டில் விமன்' நாவலை எழுதிய வீடு. வழிகாட்டியோடுதான் உள்ளே போக வேண்டும், போட்டோவுக்கு அனுமதி இல்லை. (எனக்கு அது பெரிய நிம்மதி.) மாடியில் அவருடைய அறையில், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே சுவரோடு பொருத்திய ஒரு சின்ன அரைவட்டப் பலகை. அப்பா பிரான்சன் மகளுக்காகச் செய்து கொடுத்த எழுதுமேசை அது. "இவ்ளோதானா? என் தையல் மெஷின் பலகை இதைவிடப் பெருசுடா" என்றார் அம்மா. வலது கை ஓய்ந்தால் இடது கையால் எழுதவும் லூயிசா பழகியிருந்தாராம். கூடத்து சோபாவில் ஓர் உருளைத் தலையணை கிடந்தது. லூயிசாவின் மனநிலைக்கு அதுதான் அடையாளம். அது நிமிர்ந்து நின்றால் அவரிடம் பேசலாம், படுத்துக் கிடந்தால் கிட்டவே போகக் கூடாது! அந்தத் தலையணை முன்னால்தான் அம்மா ரொம்ப நேரம் நின்றார்.

லூயிசாவின் தங்கை மே சுவரிலும் மரச்சட்டங்களிலும் வரைந்த படங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பிள்ளை சுவரில் கிறுக்கினால் நம் வீட்டில் என்ன நடக்கும்? அந்த மேயிடம் ஆரம்பத்தில் கலை பயின்ற உள்ளூர்ப் பையன் டேனியல் செஸ்டர் பிரெஞ்ச்தான் பிற்பாடு வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் சிலையை வடித்தவர்.

மதியம் ஓல்டு மான்ஸ் என்ற இரண்டாவது வீடு. 1770-ல் கட்டியது. 1775 ஏப்ரல் 19 அன்று, அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், துப்பாக்கிச் சண்டை நடந்த நார்த் பிரிட்ஜ் பாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் என்னை இழுத்தது ஒரு ஜன்னல். 1842-ல் கல்யாணமான கையோடு எழுத்தாளர் நதானியல் ஹாதார்னும் மனைவி சோஃபியாவும் இங்கே வாடகைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணப் பரிசாக ஒரு காய்கறித் தோட்டமே போட்டு வைத்திருந்தார் அந்த ஊர் எழுத்தாளர் தோரோ. மறு வருஷம் புருஷனும் பெண்டாட்டியுமாக வைர மோதிரத்தால் ஜன்னல் கண்ணாடியில் மாறி மாறிக் கீறி எழுதியிருக்கிறார்கள். மனிதருக்கு விபத்தாகப் படுவது கடவுளின் நோக்கம் என்கிறது சோஃபியாவின் வரி. சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்கிற நமக்கு வயிறு கலங்கும். 1845-ல் வீட்டுக்காரரே குடிவர முடிவு செய்ய, இவர்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று. கண்ணாடி மட்டும் இன்னும் இருக்கிறது. வெளிச்சம் விழுகிற பக்கமாகக் குனிந்து பார்த்தால்தான் எழுத்து தெரியும். அவசரமாகப் போன முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்லை.

வயதானவர்களோடு போனால் மாடிப்படி உண்டு என்பதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். குளிர்காலத்தில் திறக்கும் நேரம் மாறும். முன்பே பார்த்து டிக்கெட் போட்டுவிடுங்கள். சனி, ஞாயிறில் திரும்பும் ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும்.